சாரலுக்குக் கிழக்கே வெடித்த சூரியன்

காலை எட்டு மணிக்குக் குற்றாலத்தில் குடை பிடித்துக்கொண்டு தொலைநோக்கியைக் காரில் ஏற்றினேன். மதுரையிலிருந்து குடும்பத்தோடு அருவியில் குளிக்க வந்திருந்தோம். மற்றவர்கள் ஐந்தருவிக்குக் கிளம்பிவிட்டார்கள். கல்லூரியில் இயற்பியல் நடத்தும் எனக்கு மட்டும் வெயில் வேண்டியிருந்தது. சூரியனில் ஒரு பெரிய கரும்புள்ளிக் கூட்டம் குமுறிக்கொண்டிருந்தது. ஓரிரு நாளில் அது மறுபக்கம் சுழன்று மறைந்துவிடும்.

“எல்லாரும் நனையத்தான் இங்கன வருவாவ. நீங்க வெயிலைத் தேடுதியளே மேடம்!” என்று சிரித்தார் ஓட்டுநர் இசக்கி.

ஐந்து கிலோமீட்டரில் தென்காசி. அங்கேயும் தூறல். கிழக்கே இன்னும் இருபது கிலோமீட்டர் போல ஓட்டி வீரகேரளம்புதூரை நெருங்கியபோதுதான் மேகம் விலகியது. சாலையோரம் ஒரு வயலுக்குப் பக்கத்தில் முக்காலியை ஊன்றினேன்.

ஒன்பதரை மணி. சிவப்பொளியை மட்டும் விடும் வடிகட்டி வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். கரும்புள்ளிகளுக்கு இருபுறமும் இரண்டு கோடுகள் சட்டென்று பிரகாசித்தன. சூரிய வெடிப்பு! எதிரெதிர்த் திசைகொண்ட காந்தக் கோடுகள் நெருங்கி, அறுந்து, புதிதாக ஒட்டிக்கொள்வதால் வருவது. அந்த மறுஇணைப்பு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மேலே அது தொடரத் தொடர, கீழே சூரியப் பரப்பில் இந்த ஒளிக்கோடுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். வருடக்கணக்காகக் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன், கண்டதில்லை.

“யாரைக் கேட்டு இங்கன அளக்குதிய?”

வரப்பில் ஒருவர் மண்வெட்டியோடு நின்றார்.

“அளக்கலை அண்ணாச்சி. சூரியனைப் பாக்குறேன்.”

“கதை விடாதிய. போன மாசமும் இப்படித்தான் மூணு காலை ஊனிட்டு நின்னானுவ. வயலுக்குள்ள ரோடு வருதுன்னு சொல்லுதாவ. எனக்கு இருக்கது இது ஒண்ணுதான். எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க!”

இப்போது கழற்றினால் எல்லாம் போச்சு. நான் ஒதுங்கி நின்றேன். “நீங்களே பாருங்க அண்ணாச்சி. உங்க வயல் தெரிஞ்சா உடனே கிளம்பிடுறேன்.”

சந்தேகத்தோடு குனிந்தவர் நிமிரவில்லை. “செக்கச்செவேல்னுல்லா இருக்கு! ரெண்டு கோடு மின்னுது.”

“அதைத்தான் பாக்க வந்தேன். விலகுதான்னு சொல்லுங்க.”

அரைமணி நேரத்துக்கும் மேலாக மாறி மாறிப் பார்த்தோம்.

“மொதல்ல வரப்பு அகலம்தான் இருந்துச்சு. இப்ப வாய்க்கா அகலம் ஆயிட்டு,” என்றார்.

நானும் பார்த்தேன். விலகித்தான் இருந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“அப்போ இது ரோட்டுக்கு இல்ல?”

“இல்லவே இல்ல அண்ணாச்சி.”

மண்வெட்டியைப் போட்டுவிட்டு அப்படியே வரப்பில் உட்கார்ந்தார். “நெஞ்சு படபடன்னு அடிச்சிட்டு தாயி,” என்று சொல்லிச் சிரித்தார்.

திரும்பும்போது தென்காசிக்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. மதுரையில் என் மொட்டைமாடியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அங்கே இந்த நேரத்தில் வகுப்பறைக்குள் இதே கோடுகளை வரைந்துகொண்டிருப்பேன். மதியம் ஐந்தருவியில் தலையைக் கொடுத்தேன். இனி எவ்வளவு வேண்டுமானாலும் மழை பெய்யட்டும் என்றிருந்தது.