கீழே திருப்பிய விளக்கு

கடையில் வெளிச்சம் புகாத கறுப்புத் திரைச்சீலையை விரித்துக் காட்டினார்கள். அதன் ரப்பர் வாடை என்னை ஜெலுத்தோங் அடுக்குமாடிக்கு, இப்போது இடித்துவிட்ட எங்கள் வீட்டின் பின்னறைக்குக் கொண்டுபோய்விட்டது. துறைமுகத்தில் இரவு வேலை பார்த்த அப்பா மாலை ஏழு மணிக்கு அங்கே படுப்பார்; காற்றாடி கடகடக்க, ஆணியில் தொங்கும் அவர் சட்டை கிரீஸ் மணக்க, அம்மா தாளிப்பதைக்கூடத் தள்ளிப்போட, நானும் தங்கையும் சைகையிலேயே சண்டை போட்டுக்கொள்ள, பத்து மணிவரை இருட்டில் அயர்ந்து தூங்குவார்.

பிறகு எதிரே கார் விற்கும் கடை திறந்தார்கள். அதன் கூரையிலிருந்த பெரிய விளக்கு நேராக எங்கள் ஜன்னலில் அடித்தது. அம்மா போர்வையைக் கட்டித் தொங்கவிட்டார். அறை புழுங்கியதே தவிர வெளிச்சம் நிற்கவில்லை. அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு கடை மேலாளரிடம் போனார்.

"அணைக்கச் சொல்லல தம்பி. கொஞ்சம் கீழ திருப்பிவிட்டா போதும்."

"பளிச்சுனு இருந்தாத்தான் ஆள் வருவாங்க அண்ணே. நீங்க ஜன்னல சாத்திக்குங்க லா."

மாதக்கணக்கில் அப்பா சிவந்த கண்களோடு வேலைக்குப் போனார். ஒரு விடியற்காலை வீட்டுக்குத் திரும்பும்போது மோட்டார் சைக்கிளிலேயே கண்ணயர்ந்துவிட்டார். வீடு வந்து சேரவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் கடையாள் ஒருவர் ஏணி வைத்து ஏறி, ஸ்பேனரால் விளக்கைக் கீழே திருப்பினார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அன்று மாலை பின்னறை பழையபடி இருண்டது. அம்மா எழுந்துபோய் அறை விளக்கைப் போட்டார். விடியும்வரை அதை அணைக்க எங்களை விடவில்லை.