மடியின் மேல் விழுந்த பழி

பாளையம்பட்டி பஸ் ஸ்டாப்புக்கு எதிரே என் ஃபிளெக்ஸ் கடையும் வேங்கடபதியின் செல்போன் ரிப்பேர் கடையும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. அவனுக்கு இடது கால் மடங்காது. முழங்கால் அப்படியே இறுகிப்போய்விட்டது. கடைக்குள் அந்தக் காலை ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் நீட்டி வைத்துத்தான் வேலை பார்ப்பான். புதிதாக வருகிறவர்கள் அதில் இடித்துக்கொள்வார்கள். "டோல்கேட்டுக்குக் காசு குடுத்துட்டுப் போங்க" என்பேன் நான். அவனும் சிரிப்பான். ஐம்பதை நெருங்கும் வயதில் அப்படிச் சிரிக்க அவனுக்கு என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அவனுடைய வியாதிக்குப் பெயர் ஹீமோபிலியா. அடிபட்டால் ரத்தம் உறையாது. வெளியே வழிவது கண்ணுக்குத் தெரியும், துணி வைத்து அழுத்தலாம். மூட்டுக்குள்ளேயே கசிந்து நிற்பதுதான் கொடுமை. சின்ன வயதில் முழங்கால் பலாப்பழம் போல வீங்கிக் கிடந்தபோது வீட்டில் வாதம் என்று சொல்லி எண்ணெய் போட்டு நீவினார்களாம். நீவ நீவ உள்ளே இன்னும் கசிந்திருக்கிறது. 

அவனோடு பிறந்தது ஒரே அக்கா, வெங்கடலட்சுமி. அருப்புக்கோட்டையில் நெசவுக் குடும்பம் ஒன்றில் நாகராஜ் என்பவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தலைப்பிள்ளை ஆண், ஹரீஷ். ஒரு வயது ஆகும் முன்பே திருச்சுழிப் பக்கம் குலசாமி கோயிலில் முடியிறக்கிக் காது குத்தினார்கள். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். வேங்கடபதி காலை நீட்டி உட்கார்ந்து, பட்டு வேட்டி மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டான்.

குத்திய காது நிற்காமல் கசிந்தது. காப்பித்தூள் வைத்தார்கள், திருநீறு வைத்தார்கள். மறுநாளும் தலையணை நனைந்தது. பிள்ளை வெளுத்துத் துவண்ட பிறகுதான் மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

அங்கே இருந்த டாக்டர் கெட்டிக்காரர். பிள்ளையைப் பார்த்துவிட்டு, வாசலில் விறைத்த காலோடு நின்றவனைக் காட்டி, "இவர் யாரு?" என்று கேட்டார். தாய்மாமன் என்றதும் அவனுக்கும் ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டார். அப்படித்தான் மருமகனோடு சேர்த்து மாமனுக்கும் தன் வியாதியின் பெயர் தெரிந்தது.

அக்காவையும் தம்பியையும் மட்டும் உட்காரவைத்து டாக்டர் விளக்கியிருக்கிறார். "பொம்பளைக்கு ரெண்டு மோட்டார்னு வச்சுக்கங்க. ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணு தண்ணிய ஏத்திரும். ஆம்பளைக்கு இருக்கிறதே ஒண்ணுதான். அது கெட்டதா வந்தா அவ்வளவுதான். உங்கம்மா கெட்டதை இவருக்கும் குடுத்துருக்காங்க, உங்களுக்கும் குடுத்துருக்காங்க. உங்களுக்கு இன்னொண்ணு இருக்கதால வெளிய தெரியல. உங்களுக்குப் பெறக்குற ஒவ்வொரு பையனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பொண்ணு பெறந்தா, உங்கள மாதிரியே உள்ள வச்சுக்கிட்டு இருக்கவும் பாதி வாய்ப்பு. அவ மாசமானா முன்கூட்டியே டாக்டர்ட்ட சொல்லிரணும்."

வெளியே வந்ததும் அக்கா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். நர்சுகளுக்குப் புரியக்கூடாதென்று வீட்டுத் தெலுங்கில்தான் பேசினாளாம். அங்கே ஊரில் அவள் மாமியார் சுப்பம்மாள் அதற்குள் தீர்ப்பே சொல்லி முடித்திருந்தார். சீக்காளி மடியில் பிள்ளையை உட்காரவைத்தார்கள், சீக்கு ஒட்டிக்கொண்டது. அந்தத் தீர்ப்பை அப்படியே விட்டுவிடு என்றாள் அக்கா. "என் வயித்துலதான் கோளாறுன்னு தெரிஞ்சா நாளைக்கே கொண்டாந்து அம்மா வீட்டுல தள்ளிருவாக தம்பி. அவுகளுக்கு வேற பொண்ணு பாக்க எத்தன நேரம் ஆகும்? உனக்கென்ன, உன் மேல பழி விழுந்தா உன்னைய யாரு என்ன செய்யப் போறா?"

தம்பி சரி என்றான்.

ஹரீஷ் நாலு வயதில் வாசல்படியில் தவறி விழுந்தான். தலையில் அடி. மதுரை போய்ச் சேரும் முன்பே உயிர் போய்விட்டது. அடுத்துப் பிறந்திருந்த பெண் ஸ்ரீமதிக்குக் காது குத்தும்போது சுப்பம்மாள் முன்னெச்சரிக்கையாக வெங்கடலட்சுமியின் பெரியப்பா மகன் ராம்குமாரை மாமன் முறைக்கு உட்காரவைத்தார். ஒரு சொட்டு ரத்தம் வந்ததோடு நின்றுவிட்டது. மடியை மாற்றியதும் வியாதி போய்விட்டது! இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும் அந்த அம்மாளுக்கு? அதற்குப் பிறகு வேங்கடபதி அந்த வீட்டு வாசல் மிதிக்கவில்லை. மிதிக்க விடவில்லை.

எனக்கு இதெல்லாம் தெரியவந்தது ஸ்ரீமதி சடங்கான சமயத்தில். நாகராஜ் போர்டு அடிக்க என்னிடம் வந்தார். தாய்மாமன் என்ற இடத்தில் ராம்குமார் பேரைப் போடச் சொன்னார்.

"தாய்மாமன் பக்கத்துக் கடையில இருக்காகளே, அண்ணே" என்றேன்.

"அந்தப் பேரு வேண்டாம் ஜானு" என்றார் அவர், குரலை இறக்கி.

ஊரில் எந்த வீட்டில் யாருக்கும் யாருக்கும் பேச்சில்லை என்பது போர்டில் விட்டுப்போகும் பெயரை வைத்தே எனக்குத் தெரிந்துவிடும். ஆனால் இதை விட மனசில்லை. வேங்கடபதியிடம் போய்க் கேட்டேன். சாலிடரிங் கம்பியைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னான். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஸ்டூலை எத்தியிருப்பேன், அதில் அவன் கால் இருந்தது.

"ஏலே, போய் உண்மையச் சொல்லித் தொலையேன்லே" என்றேன்.

"அக்கா வாழணும்லே ஜானு."

கல்யாணமும் அவன் கட்டிக்கொள்ளவில்லை. தனக்குப் பிறக்கும் பெண் பிள்ளைகள் அத்தனை பேரும் அந்தக் கெட்ட மோட்டாரைச் சுமப்பார்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தன்னோடு இது முடியட்டும் என்றான். பெரிய மனசுதான் என்று நினைத்துக்கொண்டேன். கூடப்பிறந்தவளுக்காகவே ஆனாலும் ஒருத்தனால் இப்படி ஒரு பழியைத் தூக்கிச் சுமக்க முடியுமா என்று என் மனைவியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்திருக்கிறேன்.

ஸ்ரீமதி பத்தாவது படிக்கும்போது பல் பிடுங்கினார்கள். நாள் கணக்கில் வாயில் ரத்தம். அதைக் கேள்விப்பட்டதுமே வேங்கடபதி அக்காவுக்குப் போன் போட்டான். பல் டாக்டர் சரியில்லை என்று சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள்.

போன வருஷம் ஸ்ரீமதிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பிரவின்குமார், டவுனில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற குடும்பம். சீக்கிரமே மாசமானாள். செய்தி தெரிந்த அன்று வேங்கடபதி கடையைச் சாத்திவிட்டு என் கடைக்குள் வந்து உட்கார்ந்து, என் முன்னாலேயே அக்காவுக்குப் போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டிருந்தான்.

"அக்கா, ஸ்ரீமதிய மதுரைக்குக் கூட்டிப்போய் டெஸ்ட் எடுத்துரு. என் ரத்தமும் வேணும்பாக, நான் வாரேன். இல்லாட்டி பாக்குற டாக்டர்ட்டயாச்சும் சொல்லி வையி. பிரசவத்துல ஆயுதம் போட்டு எடுத்தா பிள்ளைக்குத் தலையில ரத்தம் கட்டிரும்."

"டாக்டரம்மா கேட்டாக. குடும்பத்துல யாருக்கும் ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டேன். பக்கத்துலயே அவ மாமியார் உக்காந்திருக்கா, வேற என்னத்தச் சொல்ல?"

"அக்கா..."

"இத்தன வருசம் வாயக் கட்டிட்டு இருந்தேல்ல? இன்னும் கொஞ்ச நாளைக்கு இரு. பொட்டப்பிள்ளையா பொறக்கட்டும்னு நேந்துருக்கேன்."

நான் போனைப் பிடுங்கப் போனேன். அவன் அணைத்துவிட்டான். ஸ்ரீமதியிடம் நேரில் போய்ச் சொல் என்றேன், நான் வண்டியில் கூட்டிப்போகிறேன் என்றேன். "பாப்போம்" என்றான். அந்தப் பாப்போம் பிரசவ நாள்வரை நீண்டது.

அன்றைக்கு உச்சி வெயில் நேரம். அக்காவே கூப்பிட்டாள். ஆண் பிள்ளை. தலையில் வாக்குவம் வைத்து இழுத்து எடுத்திருக்கிறார்கள். காலையில் லேசாக இருந்த தலை வீக்கம் இறங்காமல் ஏறிக்கொண்டே போகிறது.

"தம்பி, ஒனக்கு ஆஸ்பத்திரியில குடுப்பாகள்ல ஒரு ஊசி மருந்து, அது வீட்டுல இருக்கா? எடுத்துட்டு வா. இங்க ஒரு நர்சு தெரிஞ்ச பிள்ளதான். யாருக்கும் தெரியாம போட்டுருவோம்."

அவசரத்துக்கென்று அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கொடுத்த, ரத்தத்தை உறையவைக்கும் ஃபாக்டர் ஊசி அவன் வீட்டு ஃபிரிட்ஜில் இருந்தது. ஐஸ் போட்ட டப்பாவில் அதை எடுத்துக்கொண்டான். என் வண்டியில் பின்னால் உட்கார்ந்தால் அவன் கால் ரோட்டுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும், எதிரே வருகிற பஸ்ஸுக்கெல்லாம் பயந்து பயந்துதான் ஓட்ட வேண்டும். அன்று நான் பயப்படவில்லை.

ஆஸ்பத்திரியில் மாடிப்படி வாசலில் அக்கா காத்திருந்தாள். டப்பாவை வாங்கக் கையை நீட்டினாள். அவன் கொடுக்காமல் நேரே டாக்டரம்மா அறைக்குப் போனான். பிரவின்குமார், அவன் அம்மா, நாகராஜ் எல்லாரும் அங்கேதான் நின்றார்கள்.

"டாக்டர், எனக்கு ஹீமோபிலியா. நான் பிள்ளையோட அம்மாவுக்குத் தாய்மாமன். அவளோட அண்ணனும் அதுலதான் செத்தான்."

டாக்டரம்மா முகம் மாறிப்போனது. உடனே ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். மருந்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "மதுரைக்குப் போறதுக்குள்ள நேரமாயிரும். இதை இப்பவே போடலாம். அப்பா சரின்னு சொல்லணும்" என்றார்.

"அவன் டப்பாவுல வந்தத எங்க பிள்ளைக்கா? அவன் மடியில உக்காந்து ஒண்ணு போனது பத்தாதா?" என்றாள் பிரவின்குமாரின் அம்மா. பெண் எடுத்த இடத்தில் என்னென்ன கதை உண்டோ எல்லாம் விசாரித்துத்தான் வைத்திருந்தாள்.

"மடியில இல்லம்மா" என்றான் வேங்கடபதி. "எங்க அம்மாகிட்ட இருந்து அக்காவுக்கு வந்துச்சு. அக்காகிட்ட இருந்து ஸ்ரீமதிக்கு. ஸ்ரீமதிகிட்ட இருந்து இந்தப் பிள்ளைக்கு. மடியில எதுவும் ஒட்டல."

எல்லாரும் வெங்கடலட்சுமியைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை போதும். அவளே கூப்பிட்ட தம்பி, அவளே கேட்ட மருந்து. சம்பந்தியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். "பொய் சொல்றான் டாக்டர். அவனுக்குக் கல்யாணம் ஆகாத வயித்தெரிச்சல்" என்றாள்.

அந்த இடத்திலேயே அவளை ஓங்கி அறையலாம் போல இருந்தது எனக்கு. முகத்தைப் பார்த்தேன். பயத்தில் உதடு கோணிப்போயிருந்தது. கை தானாக இறங்கிவிட்டது.

பிரவின்குமார் அம்மாவைப் பார்த்தான், டாக்டரைப் பார்த்தான். பொய்யாக இருந்தாலும் இந்த மருந்தால் கெடுதல் இல்லை, உண்மையாக இருந்தால் இதை விட்டால் வழியில்லை என்று டாக்டரம்மா சத்தம் போட்டுச் சொல்லிப் பார்த்தார். மாமா ஒருத்தருக்கும் சித்தப்பா ஒருத்தருக்கும் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான் அந்த முட்டாள். கடைசியில் உள்ளே கட்டிலில் கிடந்த ஸ்ரீமதிதான் சத்தத்தில் விழித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, "என் பிள்ளைக்குப் போடுங்க" என்று கத்தினாள். அதற்குள் பிள்ளை வெளுத்துப்போயிருந்தது. ஊசியைப் போட்டுக்கொண்டே ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். காரியாபட்டி தாண்டுவதற்குள் பிள்ளை போய்விட்டதென்று போன் வந்துவிட்டது.

ஸ்ரீமதியை ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அம்மா வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். பிரவின்குமார் அப்புறம் எட்டிப்பார்க்கவில்லை. வெங்கடலட்சுமி ஒரு நாள் பாளையம்பட்டிக்கு வந்து, பஸ் ஸ்டாப் கூட்டத்துக்கு நடுவே தம்பியைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினாள். "பிள்ளதான் போச்சு, நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா என் மக வாழ்க்கையாச்சும் மிஞ்சியிருக்கும்" என்றாள். நாகராஜ் அவளைத் துரத்தவில்லை. இத்தனை வருஷம் எதற்கு நடுங்கினாளோ அது நடக்கவே இல்லை. அந்த மனிதர் வாசலில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்ததோடு சரி.

மழைக்காலம் தொடங்கும்போது ஸ்ரீமதி வந்தாள். டவுன் பஸ்ஸில் தனியாக. மதுரைக்குப் போய்த் தானே ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். அவளுக்கும் அது இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். இனி மாசமானால் என்ன செய்ய வேண்டும், எந்த வாரம் வர வேண்டும், எல்லாம் விளக்கியிருக்கிறார்கள். முன்னாலேயே தெரிந்திருந்தால் ஆபரேஷன் செய்து பிள்ளையைப் பத்திரமாக எடுத்திருக்கலாம், இப்போது இந்த வியாதிக்கு நல்ல மருந்தெல்லாம் இருக்கிறது என்றும் சொன்னார்களாம். 

அவன் ஸ்டூலிலிருந்து காலை இறக்கிவிட்டு அவளை உட்காரச் சொன்னான். அவள் உட்காரவில்லை.

"எனக்குப் பல் பிடுங்கினப்பவே ஒங்களுக்குத் தெரியுமா மாமா?"

"தெரியும்மா."

"கல்யாணத்தப்ப?"

அவன் சாலிடரிங் கம்பியை எடுத்து மறுபடி கீழே வைத்தான். அவனுக்காக நான் ஏதாவது சொல்லலாம் என்று வாயெடுத்தேன். உங்க மாமா எவ்வளவு பெரிய மனுஷன் தெரியுமா என்று வருஷக்கணக்காக நான் மனதுக்குள் வைத்திருந்த பேச்சு ஒன்று உண்டு. அது அந்தப் பெண்ணின் முன்னால் வெளியே வர மறுத்தது.

"அக்கா நல்லா இருக்கணும்னுதாம்மா..." என்றான் அவன்.

"அம்மா நல்லாத்தான் இருக்கு மாமா" என்றாள் ஸ்ரீமதி. "என் பிள்ளதான் இல்ல."