இரண்டு தண்ணீர் உள்ள இடம்

மண்டோரின் விரல்களும், ஒரு கூலியாளின் வலது கண்ணும், அவனுடைய அண்ணனின் உயிரும் போனதற்குக் காரணம், கூடாரம் அடிக்க நான் இடம் பார்த்த விதம். இதை இவ்வளவு வெளிப்படையாக நான் யாரிடமும் சொன்னதில்லை. நீதிமன்றத்தில் சொல்லவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் என்னோடு வாழ்ந்து செத்துப்போன மனைவியிடமும் சொல்லவில்லை.

சிங்கப்பூருக்கு ஒரு ஏரி போதாமல், இரண்டாவது ஏரிக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. நகரம் பெருத்துவிட்டது. மழை தவறிய மாதங்களில் சிராங்கூன் சாலையின் தெருக்குழாய்களில் தண்ணீர்த் தகரத்தால் மண்டையை உடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சண்டை நடக்கும். தீவின் நடுவே, புக்கித் தீமா மலைக்குக் கிழக்கே, சின்னச் சின்னக் குன்றுகளும் அவற்றுக்கிடையே ஓடைகளும் காடும் இருந்தன. அந்தக் காட்டை அளக்கப் போன கூட்டத்தில் நான் கிராணி. யாழ்ப்பாணத்தில் பாதிரிமார் பள்ளியில் ஆங்கிலமும் கணக்கும் சுகாதாரமும் படித்துவிட்டு வந்தவன். எழுத்து வேலையும் ஆட்களை மேற்பார்ப்பதும் என் பொறுப்பு.

"ஒரு மழைக்காலம் முழுவதும் தங்க வேண்டியிருக்கும். மேடாக இருக்க வேண்டும், மழை நின்றதும் தரை காய வேண்டும், நல்ல தண்ணீர் பக்கத்தில் இருக்க வேண்டும். பார்த்துவிட்டு வா" என்று கூட்டத்தின் தலைவரான வெள்ளைக்காரத் துரை என்னை அனுப்பினார்.

என்னோடு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் மண்டோர். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், கூலியாட்களை வேலை வாங்குபவர். இடுப்பில் பிரம்பு இல்லாமல் அவரை நான் கண்டதில்லை. மற்றவன் பாதை வெட்ட வந்த கூலியாள். பாராங் என்கிற நீண்ட வெட்டுக்கத்தியை வீசிக்கொண்டு முன்னால் போனான். கொடியும் முள்ளும் அவன் கைக்கு நிற்கவில்லை. அவனும் அவன் அண்ணனும் ஒரே கப்பலில் வந்து ஒரே கூட்டத்தில் சேர்ந்தவர்கள்.

முதல் நாளே இடம் கிடைத்துவிட்டது. ஒரு ஓடை குன்றைச் சுற்றி வளைந்து போகிற இடம். வளைவுக்கு மேலே மணலும் சரளையுமாக அகன்ற மேடு. பெரிய மரங்கள் தள்ளியே நின்றன. காற்றில் முறிந்தாலும் கூடாரத்தின் மேல் விழாது. ஓடைத் தண்ணீரில் அடிமணல் தெரிந்தது. மேட்டின் உச்சியில் நின்றால் பழைய ஏரியின் ஒரு மூலை வெயிலில் மினுங்கியது. பாதை வெட்டியவன் பாராங்கைத் தரையில் குத்திவிட்டு மணலில் மல்லாந்து படுத்தான்.

"ஐயா, நான் எந்திரிக்க மாட்டேன். இங்கேயே ஒரு வீடு கட்டிக் குடுத்துருங்க. பொண்ணு நானே பாத்துக்கறேன்."

"ஒனக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?" என்று மண்டோர் அவன் முழங்காலில் பிரம்பால் ஒன்று வைத்தார். வலித்திருக்கும். அவன் சிரித்துக்கொண்டே எழுந்தான். நானும் சிரித்தேன்.

அவன் ஓடையில் இறங்கி முகம் கழுவியபோது மண்டோர் என் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "எடம் தங்கமா இருக்கு. ஆனா தண்ணி ஒண்ணுதானே, கெராணி ஐயா?"

"ஓம். அதைத்தான் நானும் யோசிக்கிறன்" என்றேன்.

என்ன யோசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கூலியாட்களில் பாதிப் பேர் மண்டோரின் ஊர்க்காரர்கள். மீதிப் பேர், ஊரில் கிணற்றைத் தொட விடாத சாதியினர். பாதை வெட்டியவனும் அவன் அண்ணனும் அவர்களில் இருவர். எங்கள் ஊரிலும் அப்படித்தான். அவர்கள் கிணற்றடியில் பாத்திரத்தோடு நிற்பார்கள். எங்களில் யாராவது மனம் வைத்து அள்ளி ஊற்றினால்தான் தண்ணீர். ஊற்றாவிட்டால் நின்றுகொண்டே இருப்பார்கள்.

சிங்கப்பூரில் நானும் அவர்களும் ஒரே தெருக்குழாயில்தான் குடித்தோம். கப்பலில் ஒரே தொட்டி. அங்கெல்லாம் நான் வாய் திறக்கவில்லை. திறந்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள். காட்டில்தான் என் சொல் முதல்முறையாகச் செல்லுபடியானது. என் அப்பா கிணற்றடியில் நின்ற மாதிரி நானும் நிற்கலாம் என்று அந்த மணல் மேட்டில் எனக்குத் தோன்றியது. ஒரே ஓடையில் அது முடியாது; எவரும் எங்கேயும் இறங்கி அள்ளிக்கொள்வார்கள்.

மேலும் இரண்டு நாள் தேடினோம். ஒரு குன்றின் சரிவில் ஊற்று ஒன்று இருந்தது, கண்ணாடி போன்ற தண்ணீர். சரிவின் அடியில் சதுப்பு. இலை அழுகி, தேயிலைச் சாயம் போலக் கறுத்துக் கிடந்த தண்ணீர். இடையில் இருந்த தரை மழையில் வழுக்கும், வெயிலில் புழுங்கும். ஊற்றைத் தவிர, துரை சொன்ன ஒன்றுக்கும் பொருந்தாத இடம். ஆனால் இரண்டு தண்ணீர் இருந்தது. "இதுதான்" என்றேன்.

முதல் இடம் சேறு என்று துரையிடம் சொன்னேன். அவர் நம்பினார்.

ஊற்றுக்குக் கீழே என் கூடாரம், அதற்கடுத்து மண்டோரின் ஆட்களின் குடிசை. கடைசியில், சதுப்பின் ஓரத்தில், மற்றவர்களின் குடிசை. நடுவில் ஒரு முளை அடித்தேன். நிலம் அளக்கும்போது எல்லை காட்ட அடிக்கும், தலையில் சிவப்பு பூசிய மர முளை. அதற்கு மேலே அவர்கள் வரக்கூடாது. நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பார்த்ததும் புரிந்துகொண்டார்கள்.

முதல் வாரத்திலேயே ஒருவன் அவசரத்தில் ஊற்றில் கை கழுவிவிட்டான். மண்டோர் அவனை மரத்தைக் கட்டிப்பிடிக்கச் சொல்லி, முதுகுத் தோல் உரியும்வரை அடித்தார். நான் கூடாரத்தில் உட்கார்ந்து கோணங்களைக் கூட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு அடிக்கும் கணக்கு பிசகி, மறுபடி முதலிலிருந்து கூட்டினேன். எழுந்து போகவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. சதுப்பு ஏறிக் கீழ்க் குடிசையின் வாசலைத் தொட்டது. அங்கிருந்தவர்களுக்கு ஒருவர் பின் ஒருவராகச் சீதபேதி வந்தது. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும் என்று படித்தவன் நான். என் சமையல்காரன் ஊற்றுத் தண்ணீரையே எனக்குக் கொதிக்க வைத்துத்தான் தந்தான். காய்ந்த விறகெல்லாம் எங்கள் கூரைக்குக் கீழே இருந்தது. கீழே இருந்தவர்களிடம் நனைந்த விறகுதான்.

மற்றவர்கள் தேறினார்கள். பாதை வெட்டியவனின் அண்ணன் தேறவில்லை. எதைக் குடித்தாலும் வெளியே போனது. கண் உள்ளே இழுத்துக்கொண்டது. ஒரு காலையில் தம்பிக்காரன் மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றைக் கழுவி எடுத்துக்கொண்டு முளைக்குக் கீழே வந்து நின்றான்.

"ஐயா, மேத்தண்ணி ஒரு தகரம் வேணும். நான் தொடமாட்டேன். உங்க சமையக்காரரே ஊத்தட்டும். அண்ணன் இந்தத் தண்ணியில பொழைக்காதுங்க."

சமையல்காரன் யாழ்ப்பாணத்தான், என் ஊருக்குப் பக்கத்து ஊர். அவன் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டியிருந்தால் ஊற்றியிருப்பான்.

"இண்டைக்கு ஊத்தினால் நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பினம்" என்றேன்.

"கேட்டியோ? ஐயா சொல்லிப்போட்டார்" என்றான் சமையல்காரன். "மழை பெய்யுதெல்லே, தகரத்தைத் தூக்கிப் பிடி. அது மேலை இருந்துதான் வருது." மண்டோரின் ஆட்கள் சிரித்தார்கள்.

அவன் போகவில்லை. பகல் முழுவதும் மழையில் நின்றான். பசித்துப் போய்விடுவான் என்று நினைத்தேன். என் ஊர்க் கிணற்றடியில் அப்படி நின்றவர்களை ஆயிரம் தடவை கடந்து பள்ளிக்கூடம் போனவன் நான். ஆகவே நிற்பது அவனுக்குப் பழக்கம்தானே என்றும் நினைத்தேன். வெளிச்சம் மங்கியபோது தகரத்தில் சேர்ந்திருந்த மழைத் தண்ணீரை எடுத்துக்கொண்டு கீழே போனான். அன்றைக்கென்று பெரிய மழை இல்லை. அதில் இரண்டு மடக்குக்கு மேல் இருந்திருக்காது.

மறுநாள் நடுப்பகலில் அவன் முளையைத் தாண்டினான்.

ஓடி வரவில்லை, சத்தம் போடவில்லை. நேராக ஊற்றுக்குப் போய் தகரத்தை முக்கினான். அவன் கையில் தகரத்தைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. இதை நான் அடிக்கோடிட்டு எழுதுகிறேன்.

"ஆரடா அது? எடேய், வையடா அதை!" என்று கத்தினேன்.

"அண்ணன் சாவுதுங்க" என்று திரும்பாமலே சொன்னான்.

கூடாரத்தில் சாய்த்து வைத்திருந்த அளவுக்கம்பை எடுத்தேன். ஆள் உயரத்துக்கு மேல் நீளம், நுனியில் தரையில் குத்த இரும்புக் கூர். முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். அவன் தகரத்தை விடாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பினான். திரும்பிய முகத்தைக் குத்தினேன். முகம் என்று தெரிந்தே குத்தினேன். கூர் உள்ளே போனது கையில் தெரிந்தது. ஈரமான மண்ணில் இறங்குவதுபோல, தடையில்லாமல். கம்பை இழுத்தபோது அவனும் கூடவே ஒரு அடி என் பக்கம் வந்தான்.

தகரம் விழுந்து உருண்டு முளையில் மோதி நின்றது. தண்ணீர் முழுவதும் சரிவில் போனது.

மண்டோர் பாராங்கோடு ஓடி வந்தார். வெட்ட ஓங்கினார். அந்த ஒற்றைக் கண்ணோடு அவன் மண்டோரின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். இரண்டு பேரும் ஊற்றுக்குள் விழுந்தார்கள். எழுந்தபோது பாராங் அவன் கையில் இருந்தது. மண்டோரின் விரல்கள் ஊற்றுத் தண்ணீரில் கிடந்தன. மண்டோர் அவற்றைப் பார்த்துவிட்டு, குழந்தை மாதிரி "அம்மா" என்றார்.

மண்டோரின் ஆட்கள் அவன் மேல் விழுந்தார்கள். மண்வெட்டிக் காம்பால் அடித்தார்கள். கீழேயிருந்து அவனுடைய ஆட்கள் வந்தார்கள். சேற்றில் யார் யார் என்று தெரியவில்லை. பற்கள் தெறித்தன. ஒருவன் மற்றவனின் காதைக் கடித்துக்கொண்டே சரிவில் உருண்டான். மண்டோரின் ஆட்களில் சிலர் கீழே ஓடி மற்றவர்களின் குடிசைக் கால்களைப் பிடித்து இழுத்தார்கள். கூரை உட்கார்ந்துவிட்டது. உள்ளே அண்ணன் படுத்திருந்தான். அது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நான் கம்பைப் பிடித்துக்கொண்டு கூடாரத்தின் வாசலில் நின்றேன்.

கூரைக்கு அடியிலிருந்து எடுத்தபோது அண்ணனுக்கு உயிர் இருந்தது. பலகையில் கிடத்தி மாட்டுவண்டி நின்ற பாதைக்குத் தூக்கிப் போனார்கள். வழியில் தண்ணீர் கேட்டானாம். கொண்டுபோக யாருக்கும் தோன்றவில்லை. வண்டியில் ஏற்றுவதற்கு முன் அடங்கிவிட்டான்.

துரை வந்தார். எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு முளையருகில் நின்று, "இது எந்தப் புள்ளி? வரைபடத்தில் இல்லையே?" என்று கேட்டார்.

"மட்டம் பார்க்க வைத்தது" என்றேன். அவர் அதைப் பூட்ஸ் காலால் உதைத்துச் சாய்த்துவிட்டுப் போனார்.

நீதிமன்றத்தில் நான்தான் முக்கியமான சாட்சி. அவன் பாராங்கோடு மேலே ஏறி வந்தான் என்றும், என்னைக் காத்துக்கொள்ளக் குத்தினேன் என்றும் நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். அவனுக்கு ஆங்கிலம் தெரியாது. கண்ணில் கட்டோடு நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடித்ததும், "தகரங்க. தகரந்தான் எடுத்துட்டு வந்தேன்" என்றான். அவனைச் சிறையில் போட்டார்கள். எனக்குச் சம்பளம் உயர்ந்தது.

ஏரி பிறகு கட்டப்பட்டது. ஊற்றும் சதுப்பும் அதற்கு அடியில் எங்கோ போய்விட்டன. அந்தத் தண்ணீர் குழாயில் என் வீட்டுக்கும் வந்தது. குடித்தேன். குடிக்காமல் எப்படி இருப்பது?

பல வருஷங்கள் கழித்து, சிராங்கூன் சாலையின் மாட்டுக் கொட்டில்களுக்கு அருகில் அவனைக் கண்டேன். வண்டி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது. வலது கண் இருந்த இடம் தைத்தது போல மூடியிருந்தது. நான் திரும்பிப் போயிருக்கலாம். அவன் பார்த்துவிட்டான்.

"கெராணி ஐயாதானே?"

"ஓம்" என்றேன். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவன் வாளியைக் கீழே வைத்தான்.

"ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருந்தேன். ஜெயில்ல இருந்தப்பவும் இதான் மனசுல ஓடிக்கிட்டே இருக்கும். அந்த மொத எடத்த ஏன் வேணாம்னீங்க? ஓடை வளையுமே, அந்த எடம். அங்க இருந்திருந்தா அண்ணன் இருந்திருக்குமே."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது. வெளிச்சமான காலை. தெருவில் யாரும் எங்களைக் கவனிக்கவில்லை. அவன் கேட்டது ஒன்றே ஒன்று.

"அது சேறெல்லே" என்றேன். "மழைக்கு நிண்டிருக்காது."

அவன் மாட்டின் பக்கம் திரும்பி வாளியை எடுத்தான்.

"அப்படிங்களா" என்றான். "நான் அதுல படுத்தேனேங்க."

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த வாரம் போய்த் தேடினேன். கொட்டிலில் கேட்டதற்கு, வண்டியையும் மாட்டையும் விற்றுவிட்டான், ஊருக்குப் போனானோ எங்கே போனானோ தெரியாது என்றார்கள். இப்போது உயிரோடு இருக்கமாட்டான். இருந்தாலும் அவனுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது.

அங்கே சேறு இல்லை. நல்ல மணல். தண்ணீர் ஒன்றுதான் இருந்தது.