தேர் நிற்காத கட்டில்

சசியின் தலையில் தண்ணீர் தொட்டு வகிடெடுத்து, கழுத்துக்கும் நெஞ்சுக்கும் பவுடர் போட்டு, சட்டையின் மேல் பொத்தான்களைக் கழற்றிவிட்டு, கட்டிலின் விளிம்புக்கு அவனை நகர்த்தி உட்காரவைக்கிறாள் சுமித்ரா. தேநீர் வண்டி போய்விட்டது. இனி மருத்துவ மாணவர்கள் வரும் நேரம். வார்டின் கதவில் ஒரு கண், மகனின் மூக்கில் ஒரு கண்.

"நிமுந்து உக்காருடா தங்கம். குட்டி டாக்டருங்க வர்றாங்க. பேரு கேட்டா சத்தமா சொல்லணும், என்ன?"

சசிக்கு மூன்று வயது. வாய் நிறைய பிஸ்கட். தலையை மட்டும் ஆட்டுகிறான்.

அவர்கள் வருகிறார்கள். வெள்ளை மேலங்கி, கழுத்தில் ஸ்டெத், சட்டைப் பையில் குழந்தைகளை ஏமாற்ற ஒரு சின்னப் பொம்மை. கதவுப் பக்கம் முதலாவதாக இருப்பது சுமித்ராவின் கட்டில். அதைத் தாண்டி வந்து, பக்கத்தில் நானும் என் மகளும் இருக்கிற கட்டிலைச் சுற்றி நிற்கிறார்கள். சுமித்ரா சீப்பைப் படுக்கையில் எறிகிறாள்.

"தேரு இன்னைக்கும் நம்ம லயத்துல நிக்கல" என்று மகனிடம் சொல்கிறாள், எனக்குக் கேட்கும்படியாக.

அவளுடைய தோட்டம் நிவித்திகலப் பக்கம். திருவிழாவில் தேர் வரும்போது தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கிற லயத்து வாசல்களில் எல்லோரும் அர்ச்சனைத் தட்டோடு காத்திருப்பார்களாம். பெரிய தட்டு வைத்திருக்கிற வீட்டில் தேர் நின்று நிதானமாகப் போகுமாம். அவளுடைய வாசலில் நிற்கிற மாதிரி நின்று நகர்ந்துவிடுமாம். அந்தக் கோபத்தை அவள் இங்கேயும் கொண்டுவந்திருக்கிறாள்.

இறப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். ஒல்லியான உடம்பு, முறுக்கிய கயிறு மாதிரி மணிக்கட்டு. நகக்கண்ணில் காய்ந்துபோன பாலை, பேசிக்கொண்டிருக்கும்போதே நூல் நூலாக உரித்து எடுப்பாள். நாற்காலியில் காலைத் தொங்கவிட்டு உட்கார மாட்டாள், மடக்கிக்கொள்வாள். தூங்கும்போது மகனின் கணுக்காலைப் பிடித்தபடி தூங்குவாள். மாணவர்களின் பெயர் ஒன்றும் தெரியாது, ஆனால் காலில் போட்டிருக்கிற சப்பாத்தை வைத்து ஆளைச் சொல்லிவிடுவாள். சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. நான் பெல்மதுளையில் கடை வைத்திருப்பவரின் மனைவி. என்னுடையது விலை சொல்லுகிற அளவுக்கான சிங்களம். அவளுடையது சண்டை போடுகிற சிங்களம். வார்டில் வேலை செய்கிற பெண்கள் அவளிடம் பேசுமுன் ஒருமுறை யோசிப்பார்கள்.

என் மகள் அக்ஸாவுக்கு ஐந்து வயது. பிறந்தபோதே இருதயத்தில் ஓட்டை. கொழும்பில் அறுவைச் சிகிச்சைக்குத் திகதி பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதற்கிடையில் நெஞ்சில் சளி கட்டி இங்கே வந்து சேர்ந்தோம். அவளுடைய நெஞ்சில் இரத்தம் பாய்கிற சத்தம் மிகத் தெளிவாகக் கேட்குமாம். மாணவர்கள் தங்களுக்குள் அதை "நல்ல சத்தம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொள்கிறார்கள். பக்கத்து வார்டில் படிக்கிற மாணவர்கள்கூட அந்தச் சத்தத்தைத் தேடி வருகிறார்கள்.

பெரிய டாக்டர் ஓர் அம்மா. எல்லோரும் அவரை மெடம் என்கிறார்கள். அவர் கற்பிப்பதைத் தினமும் பார்க்கிறேன். முதலில் யாரும் பிள்ளையைத் தொடக்கூடாது. கட்டிலின் கால்மாட்டில் நின்று பார்க்க வேண்டும்: மூச்சு எப்படி ஓடுகிறது, விலா உள்ளே இழுக்கிறதா, உதடு என்ன நிறம். பிறகு தாயிடம் அனுமதி கேட்க வேண்டும். ஸ்டெத்தை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். பிறகு ஒவ்வொருவராக அக்ஸாவின் நெஞ்சில் கையை வைத்துப் பார்ப்பார்கள். அந்த ஓட்டம் கையிலேயே அதிரும். என்னிடம் கேள்விகள் வரும். பால் குடிக்கும்போது வேர்த்ததா, களைத்ததா, எடை ஏறவில்லையா. கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவேன். அக்ஸாவும் பழகிவிட்டாள். ஆளைக் கண்டதும் சட்டையைத் தானே தூக்கிக்கொள்கிறாள்.

பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைப் பார்ப்பதுபோல இதையெல்லாம் சுமித்ரா பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவளுடைய வழக்கு இதுதான். சசிக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தபோது தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோயிருக்கிறாள். "மேசைக்கு அந்தப் பக்கம் இருந்துக்கிட்டே மருந்து குடுத்தாங்கக்கா. திரும்பவும் போனேன், திரும்பவும் அதே மருந்து. புள்ளைய ஒரு தடவ தொட்டுப் பாக்கல. கை வச்சுப் பாத்தாத்தானே வைத்தியம்?" இங்கே வந்த பிறகுதான் சிறுநீரில் கிருமி என்று கண்டுபிடித்தார்கள். ஊசி மருந்து ஏறுகிறது, காய்ச்சல் விட்டுவிட்டது, பையன் கையில் ஊசிக் குழாயோடு வார்டெல்லாம் ஓடுகிறான். மருந்து முடிகிற வரை இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஒரு பிள்ளையை இத்தனை பேர் தொடுவதையும் தன் பிள்ளையை ஒருவரும் தொடாததையும் அவளால் தாங்க முடியவில்லை.

ஒருநாள் மாணவர்கள் கடக்கும் நேரம் பார்த்து, "இருமுடா, இருமு" என்று சசியின் விலாவில் மெல்லக் குத்தினாள். அவனும் பெரிதாக இருமினான். இன்ஷாப் என்ற மாணவன் நின்றுவிட்டான். குருவிட்டப் பையன், நீளமான கை, தமிழ் பேசுகிறவன். சசியின் முதுகில் ஸ்டெத்தை வைத்துக் கேட்டான். "ஒண்ணுமில்லக்கா, நெஞ்சு நல்லா ஈக்கிது" என்று சிரித்துவிட்டு எங்கள் பக்கம் வந்தான்.

"நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு" என்றாள் சுமித்ரா, ஏதோ வசை கேட்டவளைப் போல.

அன்று பகல் அவளுடைய கோபம் வெடித்தது. பார்க்க வந்தவர்கள் போன பிறகு நான் அக்ஸாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். மூன்று வாய்க்கு மேல் அவளுக்கு இறங்காது, மூச்சு வாங்கும்.

"நீங்க டவுன் ஆளுங்க. கடை வச்சிருக்கீங்க" என்று ஆரம்பித்தாள் சுமித்ரா. "உங்க புள்ளைய மட்டும் சுத்தி நிக்கிறாங்க. நாங்க தோட்டத்து ஆளுங்கன்னா கண்ணுக்குத் தெரிய மாட்டோம் போல."

"அவளுக்கு இருதயத்தில ஓட்டை தங்கச்சி. அதக் கேக்கத்தான் வாற."

"அது தெரியுங்கக்கா. ஆப்பரேசன் செஞ்சு அடச்சிருவாங்களாமே. அதுக்கு இத்தன பேரா?"

எனக்கு எங்கிருந்து கோபம் வந்தது என்று தெரியவில்லை. "அப்ப எடுத்துக்கோங்க. அத்தன பேரையும் எடுத்துக்கோங்க. அந்தச் சத்தத்தையும் சேத்து எடுத்துக்கோங்க."

சுமித்ரா காலை இன்னும் இறுக்கி மடக்கிக்கொண்டாள். "சத்தத்த வச்சு நான் என்னங்க செய்ய" என்றாள், குரலைத் தாழ்த்தாமல். "ஆளுங்க வந்தாப் போதும்."

அவளுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அவள் என்னைப் பார்த்ததைவிட நான்தான் அவளை அதிகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சசி சோற்றை அள்ளுகிற வேகத்தைப் பார்த்தேன். அழும்போது அவன் முகம் சிவப்பதைப் பார்த்தேன்; அக்ஸா அழுதால் முகத்தில் இரத்தமே இருக்காது. அவன் கட்டிலிலிருந்து குதிப்பான், ஓடுவான், விழுவான், எழுந்து திரும்பவும் ஓடுவான். மூச்சு வாங்குகிறதா என்று காத்திருப்பேன். வாங்காது. ஒரு நேரம் அவன் வழுக்கி விழுந்தபோது என் மனதில் ஓடியதை இங்கே எழுத முடியவில்லை. நல்ல பிள்ளை. எனக்குப் பிஸ்கட் கொண்டுவந்து தருகிற பிள்ளை.

மறுநாள் மெடம் வந்து நேரே சுமித்ராவின் கட்டிலில் நின்றார்.

நோயுள்ள பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தால் போதாது, நலமான பிள்ளை எப்படி வளரும் என்று கையில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று மாணவர்களிடம் சிங்களத்தில் சொன்னார். இந்த மகனைக் கொஞ்சம் தரலாமா என்று சுமித்ராவைக் கேட்டார். அதுவரை வார்டே அதிரச் சிங்களம் பேசியவள் தலையை மட்டும் வேகமாக ஆட்டினாள். ஓடிப்போய்ப் பவுடர் டப்பாவை எடுத்தாள்.

தரையில் பாய் விரித்தார்கள். இன்ஷாப்பிடம் பிள்ளையைக் கொடுத்தார்கள். அவன் அவசரமாக ஸ்டெத்தை நீட்டியதும் சசி தாயின் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். சுமித்ராவுக்கு வியர்த்துவிட்டது. "டேய், மானத்த வாங்காதடா. இத்தன நாளாக் காத்திருந்து..."

மெடம் சிரித்தார். மேலங்கியைக் கழற்றிவிட்டு நீயும் தரையில் உட்கார், பரீட்சையை மறந்துவிட்டு விளையாடு என்றார். இன்ஷாப் பாயில் உட்கார்ந்து, சசியைப் பார்க்காமலே விளையாட்டு மரக்கட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தான். வேண்டுமென்றே கோணலாக அடுக்கினான். அது சரிந்தது. மறுபடி அடுக்கினான். சசிக்குப் பொறுக்கவில்லை. "அப்புடி இல்ல" என்று வந்து உட்கார்ந்தான்.

அதன்பின் அவனை நிறுத்த முடியவில்லை. கோபுரம் கட்டினான். பாலம் கட்டினான். வட்டம் வரைந்தான். ஒற்றைக் காலில் நின்று காட்டினான். பேரைக் கேட்டபோது தோட்டத்தின் பெயர், டிவிஷன், அப்பாவின் பெயர் எல்லாவற்றையும் சேர்த்துக் கூவினான். மாணவர்கள் சிரித்தார்கள். சுமித்ரா சுவரில் சாய்ந்து நின்று, தேர் தன் வாசலில் நின்றுவிட்டதைப் போல என்னைப் பார்த்தாள்.

"எல்லாம் வயசுக்குச் சரியா ஈக்கிதக்கா" என்றான் இன்ஷாப். "அதுக்குத்தான் இவரத் தெரிஞ்செடுத்த."

அப்போதுதான் அக்ஸா கட்டிலிலிருந்து இறங்கினாள். "நானும் செய்யப் போறன்" என்றாள். நான் பிடிப்பதற்குள் பாய்க்கு வந்துவிட்டாள். சசியைவிடப் பெரியவள் என்று காட்ட வேண்டும் அவளுக்கு. ஒற்றைக் காலைத் தூக்கினாள், ஒரு குதி, இன்னொரு குதி. அதற்கு மேல் முடியாமல் இன்ஷாப்பின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கழுத்துக் குழி உள்ளே போய் உள்ளே போய் வந்தது. மூக்கு விடைத்தது. ஆனாலும் சிரித்துக்கொண்டிருந்தாள், பாராட்டுக்காக எல்லோருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டு.

ஒரு மாணவி குனிந்து மரக்கட்டைகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். "போதும் மகள், நல்லாச் செஞ்சீங்க" என்று இன்ஷாப் அவளைத் தூக்கிக் கட்டிலில் விட்டான்.

சுமித்ரா மாணவர்களைப் பார்க்கவில்லை. அக்ஸாவின் கழுத்துக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேர் பார்த்த முகம் அதற்குள் எங்கோ போயிருந்தது.

பாயை மடித்துக் கொண்டுபோன பிறகும் சசி அந்த இடத்திலேயே ஒற்றைக் காலில் நின்று விளையாடினான். சுமித்ரா கூப்பிட்டு அடக்கினாள். "சும்மா இருடா. போதும்." அவனுக்குக் காரணம் புரியவில்லை.

இரண்டு நாளில் சசி வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டினார்கள். கையிலிருந்த குழாயைக் கழற்றிப் பஞ்சு வைத்து ஒட்டியாயிற்று. சுமித்ராவின் கணவன் வெளியே ஓட்டோவில் நிற்பதாக ஒருவர் வந்து சொன்னார். அவள் பைகளைக் கட்டி வைத்துவிட்டு எங்கள் கட்டிலருகே வந்து நின்றாள்.

"போய்ட்டு வாறோங்கக்கா."

"சரி தங்கச்சி."

போகவில்லை. அக்ஸாவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "ஒருக்கா கை வச்சுப் பாக்கவா?" என்று கேட்டாள். மாணவர்கள் கேட்பதைப் போல என்னிடந்தான் கேட்டாள்.

நான் தலையசைத்தேன். அக்ஸா சட்டையைத் தூக்கினாள். சுமித்ரா உள்ளங்கைகளைச் சேர்த்துத் தேய்த்துக்கொண்டு, வலக்கையை அந்த நெஞ்சில் வைத்தாள். மரப்பால் காய்ந்த விரல்கள் அப்படியே நின்றுவிட்டன.

அந்த நேரம் பார்த்துச் சசி கதவுப் பக்கமிருந்து சத்தம் போட்டுக்கொண்டு ஓடிவந்தான். என் கண் அவன்மேல் போனது. சுமித்ரா என் கண்ணைப் பார்த்தாள். அக்ஸாவின் நெஞ்சிலிருந்து வலக்கையை எடுக்காமலே, இடக்கையால் மகனை எட்டிப் பிடித்து, தன் முதுகுக்குப் பின்னால் இழுத்து மறைத்துக்கொண்டாள்.