கல்லா மண்ணா கூடைப்பந்து

பயிற்சிக்கு முன் மைதானத்தைச் சுற்றி ஓடும் முறை அடியோடு ஒழிக்கப்படுகிறது என்ற முடிவு, 2012 ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மண்ணூர் மெஸ் ஒன்றின் கடைசி மேசையில், ரசம் வருவதற்கு முன் எடுக்கப்பட்டது. கூட்டத்தில் கலந்துகொண்டவர்கள் நானும் என் அறைத்தோழன் இசக்கியும். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பிறகு ரசம் வந்தது.

அந்த மைதானத்து சிமென்ட் தரையின் சூடு இன்னும் உள்ளங்காலில் இருக்கிறது… வெயிலில் கிடந்த ரப்பர் பந்தின் வாசனையும்.

நான் அப்போது ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். இசக்கி கோவில்பட்டிக்காரன், வேறொரு கம்பெனியில் குவாலிட்டி. இருவரும் பள்ளி நாட்களில் கூடைப்பந்து ஆடியவர்கள். எங்கள் உயரத்தைப் பார்த்தவர்கள் இதை நம்பியதில்லை.

கம்பெனி பஸ்கள் எங்களை இறக்கிவிடும் இடத்துக்கு எதிரே ஓர் அரசுப் பள்ளி. உள்ளே இரண்டு கம்பங்கள், வலையில்லாத இரண்டு வளையங்கள். பயிற்சி கொடுக்கட்டுமா என்று கேட்டோம். ஒன்பதாம் வகுப்புப் பெண்களைக் கொடுத்தார்கள். என் காலை ஷிப்ட் வாரங்களில் நான், மற்ற வாரங்களில் இசக்கி.

எனக்குத் தெரிந்த திட்டமிடல் ஒன்றுதான். தரையில் சாக்பீஸால் கோடு போட்டேன். தீபா பந்தைத் தட்டிக்கொண்டு முதல் கோடு வரை வருவாள். கவிதா அதை வாங்கி வலப்பக்கம் எறிவாள். அடுத்தவள் வளையத்தில் போடுவாள். ஆளுக்கு ஒரு வேலை. மற்றவர்கள் வரிசையில்.

உற்பத்தி நன்றாக இருந்தது. ஆட்கள்தான் குறைந்துகொண்டே வந்தார்கள்.

பிளஸ் ஒன் மாணவிகளுக்கு இலவச சைக்கிள் வந்து இறங்கிய நேரம் அது. நிறுத்த இடமில்லை. பள்ளியில் நிழல் என்று இருந்தது ஒரே ஒரு புங்கமரம்; அதன் கீழ் தலைமையாசிரியையின் ஸ்கூட்டி நிற்கும். சிமென்ட் தரை என்று இருந்தது எங்கள் மைதானம்.

ஒரு நாள் தலைமையாசிரியை குடையோடு வந்து, "ஒரு ஆட்டம் ஆடிக் காட்டுங்க சார்" என்றார்.

தீபா பந்தைத் தட்டிக்கொண்டு வந்தாள். கோட்டில் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

"ஏம்மா நின்னுட்ட?"

"கவிதா இன்னிக்கி வர்ல மிஸ். லைன் நின்னுபோச்சு."

அவர் வரிசையில் நின்றவர்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ரேஷன் கடை மாதிரி இருக்கு சார். பொங்கல் லீவு முடியட்டும். பத்துப் பொண்ணுங்க வந்து ஆடினா இது கோர்ட்டு. இல்லைன்னா ஷீட்டு போட்டு சைக்கிள் ஸ்டாண்டு."

அவர் போனதும் தீபா என்னிடம் வந்தாள்.

"எங்கம்மா கம்பெனில கூட அப்பப்ப ஆள எடம் மாத்துவாங்க சார். நான் வந்த நாள்லேர்ந்து தட்டிக்கினே கீறேன். ஒரு தபா கூட வளையத்துல போட்டதில்ல. இதுக்கு வூட்ல பாத்திரம் தேய்ச்சிருப்பேன். அதுலயாவது நுர வரும்."

"அப்ப சைக்கிள் ஸ்டாண்டே வரட்டுமா?"

"அய்ய… வேணாம் சார். கோர்ட்டு போச்சுன்னா பெல் அடிச்சதும் வூட்டுக்குப் போவணும். தம்பி கிரிக்கெட் ஆடப் போவான், நான் தண்ணி புடிக்கப் போவணும்."

அதன் பிறகுதான் மெஸ்ஸில் அந்த வரலாற்றுக் கூட்டம். ஓட்டத்தோடு வரிசையும் ஒழிக்கப்பட்டது. எல்லோரும் எல்லா வேலையும் செய்ய வேண்டும். தினமும் ஒவ்வொருத்தியும் வளையத்தில் போட வேண்டும். இசக்கி ஒரு திருத்தம் கொண்டுவந்தான்: "ஆசை தீருறதுக்கு முன்னால நிறுத்திரணும்ல. அப்பத்தான் நாளைக்கும் வருவாளுவ."

மறுநாள் கல்லா மண்ணா ஆடினோம். சிமென்ட் தளம்தான் கல், சுற்றியுள்ள தரை மண். பந்தைத் தட்டிக்கொண்டே தப்பித்து ஓட வேண்டும். மண்ணில் கால் பட்டால் அவுட். தன் வாரங்களில் இசக்கியே துரத்துவான். "ஏட்டி, பந்தப் பாக்காத, ஆளப் பாரு!" என்று அவன் கத்த, அவர்கள் எல்லோரும் "ஏட்டி, ஆளப் பாரு!" என்று திருப்பிக் கத்துவார்கள். ஒரே வாரத்தில் அவன் பெயர் ஏட்டி சார் ஆயிற்று.

பிறகு மூன்று பேருக்கு மூன்று பேர். ஜெயித்த அணி உள்ளேயே இருக்கும். இடது கையால் போட்டால் இரட்டைப் புள்ளி. தீபா ஒரு விதி சேர்த்தாள்: சுலபமான பந்தைத் தவறவிட்டவள், "இன்னிக்கி ஓ.டி. இருக்கு, யாரும் பஸ் ஏறாதீங்க" என்று என் குரலில் சொல்ல வேண்டும்.

என் குரல் அப்படி இருக்காது என்றேன். மறுநாள் லைனில் ஓ.டி. அறிவித்தபோது கவனித்துப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது.

கவிதா திரும்பி வந்தாள். வரும்போது தங்கையையும் கூட்டி வந்தாள். கார்த்திகை மழையில் துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளிவிட்டு ஆடினோம். அந்த மூன்று மாதமும் ஷிப்ட் மாற்றச் சொன்ன மேனேஜரிடம் முடியாது என்றேன். காரணம் கேட்டார். சைக்கிள் ஸ்டாண்டு என்றேன்.

பொங்கல் லீவு முடிந்த வாரம் தலைமையாசிரியை சொல்லாமல் வந்தார். மைதானத்தின் ஓரத்தில் நின்று விரல் நீட்டி எண்ணினார். பாதியில் விட்டார். மறுபடி எண்ணினார்.

"ஒரு எடத்துல நிக்க மாட்டேங்கிறாளுங்களே சார், எப்படி எண்றது?"

தீபா ஓட்டத்தை நிறுத்தாமல் சொன்னாள்: "எங்கள எண்ணாதீங்க மிஸ். செருப்ப எண்ணுங்க!"

மைதானத்தின் ஓரம் செருப்புகள் குவிந்து கிடந்தன. அவர் குடையை மடக்கி, அதன் முனையால் ஒவ்வொரு ஜோடியாகத் தள்ளி எண்ணினார். பதினாலு.

"மிஸ், மண்ணுல நிக்கிறீங்க… அவுட்டு!" என்று கத்தினாள் கவிதாவின் தங்கை.

அவர் அவசரமாக சிமென்ட்டில் ஏறினார்.

இப்போது என் மகள் சென்னையில் ஒரு பயிற்சி மையத்துக்குப் போகிறாள். ஆரஞ்சு கூம்புகள், விசில், எல்லோர் காலிலும் ஷூ. முதலில் மைதானத்தைச் சுற்றி ஓட்டம். பிறகு வரிசை. பெற்றோர்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து போன் பார்க்கிறோம். எங்களை யாரும் அவுட் என்று சொல்வதில்லை…

அந்தப் பள்ளியில் சைக்கிள் ஸ்டாண்டு அந்தப் பங்குனியிலேயே புங்கமரத்தடியில் வந்தது. தலைமையாசிரியையின் ஸ்கூட்டி வெயிலில் நின்றது.