முக்கால் லிட்டர்

சிறுநீரகம் இரண்டும் வேலைநிறுத்தம் செய்த பிறகு, ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் என்று டாக்டர் அளந்துவிட்டார். ரசம், மோர், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் அதற்குள். வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். அதைக்கூடப் பழகிக்கொண்டேன். பழக முடியாமல் போனது அடுத்தவர் வீட்டுக் காபிதான்.

செங்கல்பட்டில் எங்கள் தெருவில் யார் வீட்டுக்குப் போனாலும், உட்காருவதற்குள் டம்ளர் வந்துவிடும். மறுக்க வெட்கப்பட்டு, முதல் பொங்கலுக்கு நான்கு வீட்டில் குடித்துத் தொலைத்தேன். மறுநாள் ஆஸ்பத்திரியில் பார்த்தால், போன டயாலிசிஸுக்குப் பிறகு எடை மூன்றரை கிலோ ஏறியிருந்தது. மெஷின் பார்க்கும் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“இன்னா சார், எத்தினி வூட்டுக்குப் போனீங்க?”

அன்று மூச்சுத் திணறியதில் பயந்துவிட்டேன். அதன் பிறகு மறுக்கத் தொடங்கினேன். காரணம் சொன்னால், அரை டம்ளர் ஒன்றும் செய்யாது என்று எல்லாரும் வைத்தியம் பேசினார்கள். எதிர்வீட்டு அம்மாள் மட்டும் எதுவும் பேசவில்லை. அவர் வீட்டில் கை நனைக்க எனக்கு மனமில்லை என்று அவராகவே முடிவுசெய்து, வாசலில் என்னைப் பார்த்தால் உள்ளே போய்விடுவார். வீடு வீடாக விளக்கம் சொல்லும் பொறுமை எனக்கும் இல்லை. எங்கேயும் போவதை நிறுத்திவிட்டேன். இரண்டு வருடம் கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் மனைவிதான் போனாள். நான் டிவி பார்த்தேன். தனிமை கொடுமையாக இருந்தது. கேட்டவர்களிடம் ஓய்வு எடுக்கிறேன் என்றேன்.

ஆபீஸ் பஸ்ஸில் பதினோரு வருடம் என் தோளில் சாய்ந்து தூங்கிய நண்பன் ஒருவன் திருப்போரூரில் வீடு கட்டினான். கிரகப்பிரவேசத்தில் காய்ச்சும் பாலை வந்தவர்கள் குடித்தாக வேண்டும். நான் வரவில்லை என்றேன். அவன் பத்திரிகையை டிவி மேல் வைத்தான்.

“நீ வரலன்னா பாலே காய்ச்சப் போறதில்லபா. வா, பாத்துக்கலாம்.”

போனேன். அவன் மனைவி எல்லாருக்கும் டம்ளரில் பால் கொடுத்துக்கொண்டே வந்தார். என்னிடம் வந்ததும் உள்ளே திரும்பிப் போய், ஆறு மாதமான தன் கடைக்குட்டிப் பெண்ணுக்குப் பால் புகட்டும் பாலாடையைக் கழுவி, அதில் ஊற்றிக் கொண்டுவந்து நீட்டினார்.

“பதினஞ்சு எம்எல்தாண்ணா. அளந்துட்டேன்.”

அவர்கள் சொந்தபந்தம் மொத்தமும் பார்க்க, மீசை வைத்த நாற்பத்திரண்டு வயது ஆள் பாலாடையில் பால் குடித்தேன். யாரோ சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை, உடம்பிலிருந்து போகிற தண்ணீர் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் அங்கே போனேன். காபியும் அதில்தான். கடைக்குட்டி டம்ளருக்கு மாறினாள், பள்ளிக்கூடமும் போகத் தொடங்கினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கைக்குழந்தையோடு வந்திருந்த சொந்தக்காரப் பெண் ஒருத்தி பாத்திர ஸ்டாண்டிலிருந்து அந்தப் பாலாடையை எடுத்தாள். கடைக்குட்டி ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொண்டாள்.

“இது மாமாது. வேற எடுத்துக்கோங்க.”