யானைக்குக் கண் வாங்கப் போன காலை

காலை பத்தே முக்கால் மணி. தையல் சாமான் கடையின் கண்ணாடி மேசை மேல் குனிந்து, இரண்டு ஜோடிக் கண்களில் எது யானைக்குப் பொருந்தும் என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று மிளகு அளவு. இன்னொன்று கொஞ்சம் பெரிது. திருடிவிட்டு மாட்டிக்கொண்டவன் முழிப்பது மாதிரி ஒரு முழி அதற்கு இருந்தது. அண்ணிக்கு அதுதான் பிடிக்கும் என்று நினைத்தாள்.

"பொம்மைத் தலையை மூடிட்டீங்களா?" என்று கடைக்காரம்மா கேட்டாள்.

"மூடிட்டேன். பஞ்செல்லாம் அடைச்சாச்சு."

"அடப் பாவமே. இது வெளியிலிருந்து தைக்கிற கண்ணு இல்லம்மா. காம்பை உள்ளே குத்தி, உள்பக்கமா இந்த வில்லையை அழுத்தி மாட்டணும். அப்போதான் குழந்தை பிடுங்கி வாயில போட்டுக்காது. மூடறதுக்கு முன்னாடியே மாட்டியிருக்கணும்."

"இப்போ என்ன பண்றது?"

"பிரிக்கணும். வேற வழி?"

அந்த நேரத்தில்தான் கைப்பேசி அடித்தது. ஆஸ்பத்திரி டயாலிசிஸ் அறையின் டெக்னீஷியன் தம்பி.

"அக்கா, எங்க இருக்கீங்க? கொஞ்சம் சீக்கிரம் வாங்க."

"என்னன்னு சொல்லு தம்பி."

"வாங்களேன்."

"சொல்லுன்னேன்ல."

"உங்க அண்ணிக்குத் திடீர்னு ப்ரஷர் இறங்கிடுச்சுக்கா. டாக்டர் வந்து எல்லாம் பண்ணிப் பார்த்தாங்க. முடியலக்கா."

அவள் "சரி" என்றாள். யாரோ சட்டையில் கறை போகவில்லை என்று சொன்னால், வேலை பார்க்கும் சலவைக்கடையில் சொல்வாளே, அதே "சரி". கடைக்காரம்மா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு ஜோடியைக் காகிதத்தில் மடித்துக் கையில் வைத்தாள். எந்த ஜோடி என்று அவள் பார்க்கவில்லை. பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தாள்.

அண்ணி என்றால் அவளுடைய அண்ணன் மனைவி. கல்யாணமாகி எட்டே மாதத்தில் ஒரு பெட்டியோடு இவள் திரும்பி வந்து நின்றபோது கதவைத் திறந்தவள். ஏன் வந்தாய், என்ன ஆச்சு, ஒரு வார்த்தை கேட்கவில்லை. "செருப்பை வெளியில விடு, இப்பத்தான் தரை துடைச்சேன். சாப்பிட்டியா?" என்றாள். அவ்வளவுதான் விசாரணை. அன்று அவ்வளவு பெருந்தன்மையாக இருந்தவள், மறுநாள் காலை குளியலறைக் குழாயைச் சரியாக மூடவில்லை என்று ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம் நிறுத்தவே இல்லை.

இரண்டு அறை, ஒரு கூடம், மூன்றாவது மாடி. அதற்குள் இரண்டு பெண்களும் சண்டைக்கு இடம் கண்டுபிடித்துக்கொண்டார்கள். துணி காயப்போடும் கொடியில் யார் பாதி எது, டப்பா மூடியை ஏன் திருகி மூடவில்லை, விளக்கை ஏன் அணைக்கவில்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன் இருவருக்கும் நடுவில் செய்தித்தாளைப் பிரித்துப் பிடித்துக்கொள்வான். "வேன்ல நாற்பது பிள்ளைங்க. அங்க கூட இவ்வளவு சத்தம் இல்ல" என்பான். உடனே இருவரும் சேர்ந்து அவன்மேல் பாய்வார்கள். சேர்ந்து செய்த ஒரே வேலை அதுதான் என்று அவள் பல வருஷம் நினைத்திருந்தாள்.

அண்ணி அச்சகத்தில் பைண்டிங் பகுதியில் வேலை பார்த்தவள். தாள் எண்ணுவது அவள் வேலை. தாள்கட்டை விசிறி மாதிரி விரித்து, கட்டைவிரலால் ஐந்தைந்தாகத் தள்ளிக்கொண்டே போவாள். காது பாட்டுக்குப் பக்கத்தில் இருப்பவளின் மாமியார் கதையைக் கேட்டுக்கொண்டிருக்கும், வாய் நடுவில் நியாயமும் சொல்லும். எண்ணிக்கை மட்டும் தப்பாது. சிறுநீரகம் கைவிட்டபோது அந்த வேலையும் போனது. வாரத்துக்கு மூன்று நாள், நாலு நாலு மணி நேரம், இடது கையில் இரண்டு ஊசி குத்தி இயந்திரத்தோடு கட்டிப் போட்டார்கள். காலையில் அண்ணன் வேனை விட்டு வர முடியாது. ஆகவே அவள் சலவைக்கடையில் பேசி மதிய வேலைக்கு மாறிக்கொண்டாள். காலையெல்லாம் அண்ணி பக்கத்தில் ஒரு முக்காலியில். மதியம் ஆனால் இஸ்திரி மேசை முன்னால், நீராவியில். வீடு திரும்பும்போது கால் இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்க்கத் தோன்றும்.

யானை வந்தது அண்ணியின் பிடிவாதத்தால். வெளியூரில் இருக்கும் மகனுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. அண்ணி இன்னும் நேரில் பார்க்கவில்லை. பச்சைக் குழந்தையை அவ்வளவு தூரம் தூக்கிவர முடியாது, இயந்திரத்தை விட்டு அண்ணியாலும் போக முடியாது. முதல் பிறந்தநாளுக்குக் குழந்தையோடு வருகிறோம் என்று மகன் சொல்லியிருந்தான்.

"அன்னைக்கு என் கையால ஏதாவது குடுக்கணும்" என்றாள் அண்ணி.

"வாங்கித் தரேன். என்ன வேணும்?"

"கடையில யாரு வேணா வாங்கலாம். செய்யணும்."

"யாரு செய்யறது? உங்க கையைத்தான் கட்டிப் போட்டிருக்காங்களே."

"உன் கையை யாரு கட்டினா? சும்மாதானே உட்கார்ந்திருக்க, மகாராணி மாதிரி."

கொக்கி ஊசி, சாம்பல் நிறக் கம்பளி நூல், கைப்பேசியில் ஒரு வீடியோ. வீடியோவில் முகமில்லாத இரண்டு கைகள் வெண்ணெயில் கத்தி போவதுபோலப் பின்னிக்கொண்டு போயின. அவள் கையில் அது வழிக்கு வரவில்லை. ஒரு வளையம் போட்டு அதற்குள் ஆறு கண்ணி பின்ன வேண்டும். ஆறாவது வரும்போது முதலாவது காணாமல் போயிருக்கும். இழுத்துப் பிடித்துப் பின்னியதால் அடுத்த சுற்றில் ஊசி நுழைய மறுத்தது. தளர விட்டால் சல்லடை. பெரிய தொல்லை எண்ணுவதுதான். கண் ஊசியில் இருக்க வேண்டும், மனம் எண்ணிக்கையில் இருக்க வேண்டும், அண்ணி பக்கத்தில் பேசிக்கொண்டே இருப்பாள்.

ஒருநாள் நாலாவது முறையாகப் பிரித்தபோது அண்ணி பொறுக்க முடியாமல் சொன்னாள்: "நீ எண்ணாதே. உனக்கு வராது. நான் எண்ணறேன், நீ பின்னு."

அதிலிருந்து அப்படித்தான் நடந்தது. ஊசி நுழைந்து நூலை இழுத்து வெளியே வரும்போது அண்ணி ஒரு எண்ணைச் சொல்வாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, இப்போ ஒரே ஓட்டையில ரெண்டு போடு." நடுவில் எதிர் நாற்காலிக்காரர் மகளுடைய வரன் விஷயத்தில் கருத்துச் சொல்வாள். டெக்னீஷியன் தம்பியை முடி வெட்டிக்கொள்ளச் சொல்வாள். அதே மூச்சில், "பதினேழு. என்ன நிக்கற?" என்பாள்.

மூன்றாவது மணி நேரத்தில் அண்ணி சில நாள் கண்ணயர்ந்துவிடுவாள். போர்வைக்குள் உடம்பு குளிர்ந்து, வாய் லேசாகத் திறந்து, பன்னிரண்டு என்று சொல்ல வந்தவள் பன்னிரண்டைச் சொல்லாமலே தூங்கிவிடுவாள். அவள் எழுப்ப மாட்டாள். எண்ணாமலே குத்துமதிப்பாகப் பின்னிக்கொண்டு போவாள். அதனால் யானையின் வயிற்றில் இரண்டு இடத்தில் புடைப்பு உண்டு. எழுந்ததும் அண்ணி வலது கையால் தடவிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவாள். "இங்க என்னது, கட்டியா? நான் தூங்கினா உனக்குக் கொண்டாட்டம்."

காதுதான் எல்லாவற்றுக்கும் மேல். பின்னி முடித்த முதல் காது ஓரத்தில் சுருண்டுகொண்டது. சுருக்கத்தைப் பார்த்தால் அவளுக்குக் கை சும்மா இருக்காது, பழக்கம் அப்படி. கடைக்கு எடுத்துப் போய் நீராவி இஸ்திரியை வைத்து ஒரே அழுத்தாக அழுத்தினாள். அசல் கம்பளி இல்லை, செயற்கை நூல். காது பிளாஸ்டிக் தாள் மாதிரி பளபளத்துத் துவண்டுவிட்டது. மறுநாள் அதைப் போர்வைமேல் வைத்தபோது அண்ணி அதை வலது கையால் தூக்கிப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கை அசைந்து குழாய் மடங்கி, இயந்திரம் கீ கீ என்று கத்தியது. தம்பி ஓடி வந்தான்.

"ஆயா, கையை ஆட்டாதீங்க!"

"யாருடா ஆயா? இவ காதை இஸ்திரி போட்டிருக்காடா. நாளைக்கு என்னையும் மடிச்சு இஸ்திரி போட்டு அனுப்பிடுவா."

கடைசியாகச் சேர்ந்து உட்கார்ந்த நாளில் தலையை மூடினார்கள். ஒவ்வொரு சுற்றிலும் கண்ணிகளைக் குறைத்து, பஞ்சை அடைத்து, கடைசி ஆறு கண்ணியை இழுத்துக் கட்டி முடித்தபோது அண்ணி தலையைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தாள். உடம்பு தயார், தும்பிக்கை தயார், புதுக் காதுகள் தயார்.

"கண்ணு?" என்றாள்.

"கறுப்பு நூல்ல தைச்சுடலாம்."

"வேணாம். அது தூங்கற மாதிரி இருக்கும். முழிச்சிட்டு இருக்கணும். அடுத்த தடவை நீ வராதே, கண்ணு வாங்கப் போ. உங்க அண்ணனுக்கு அன்னைக்குப் பள்ளிக்கூடம் லீவு. அவர் என்னை இறக்கிவிடுவார்."

"நான் மதியம் போறேனே."

"மதியம் நீ நின்னு நின்னு செத்துட்டு வருவ. சொன்னதைச் செய்."

அதனால்தான் அந்தக் காலையில் அவள் கடையில் இருந்தாள்.

எல்லாம் முடிந்த பிறகு, பை எடுக்கவென்று டயாலிசிஸ் அறைக்குப் போனாள். அண்ணியின் போர்வை, குடிக்கும் தண்ணீருக்கு அளவுக்கோடு போட்ட குவளை, செருப்பு. நாற்காலியில் அதற்குள் வேறு ஒருவர் படுத்திருந்தார். அவள் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"தூங்கிட்டு இருந்தாங்களா?"

"இல்லக்கா. பேசிட்டுத்தான் இருந்தாங்க. உங்களைத்தான். கண்ணு வாங்கப் போனவ கடையையே வாங்கிட்டு வருவா போலன்னாங்க. நான் சிரிச்சேன். அப்புறம் தலை சுத்துதுன்னாங்க."

அவள் தலையாட்டினாள். இதைவிட நல்லதாக ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று ஒரு கணம் அண்ணிமேல் கோபம் வந்தது. அந்தக் கோபம் பழக்கமானதாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வீடுவரை வந்து சேர்ந்தாள்.

மகன் தனியாகத்தான் வந்தான். குழந்தைக்குக் காய்ச்சல், மருமகள் வரவில்லை. பிறந்தநாளுக்கு ஒரு வாரம்கூட இல்லை. இனி அதற்காக யாரும் இங்கே வரப்போவதில்லை என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. ஊருக்குக் கிளம்பும் அன்று காலை, அலமாரிமேல் கிடந்த தலையையும் உடம்பையும் பார்த்தான்.

"அத்தை, இதுதானே அம்மா ஃபோன்ல சொல்லிட்டே இருந்த யானை? அம்மா செஞ்சது. நான் எடுத்துட்டுப் போறேன். மதியம் கார் வந்துடும்."

அம்மா செஞ்சது. அவள் திருத்தவில்லை. அண்ணி எண்ணாமல் அதில் எது இருந்தது, அந்த இரண்டு புடைப்பைத் தவிர?

"கண்ணு இன்னும் வைக்கல" என்றாள்.

"பரவாயில்ல அத்தை. அப்படியே குடுங்க."

அவள் தலையை எடுத்துக்கொண்டு அடுக்களை ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண் இல்லாமல் கொடுக்கலாம். கறுப்பு நூலில் தைக்கலாம், பத்து நிமிஷம். இரண்டுக்கும் அண்ணி ஒத்துக்கொள்ள மாட்டாள். முழித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று சொன்னால், பிரித்துத்தான் ஆக வேண்டும். கடைசி நாலு சுற்று. அன்று அண்ணி எண்ணிய நாலு சுற்று.

கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் இருந்தாள். பிறகு முடிச்சை வெட்டினாள். இழுத்தால் வந்துகொண்டே இருந்தது, எந்தப் பிடிப்பும் இல்லாமல். அவ்வளவு பாடுபட்டுப் பின்னியது அத்தனை சுலபமாகப் பிரிந்தது அவளுக்கு அலுப்பாக இருந்தது. பிரிந்த நூல் நேராக இல்லை. கண்ணியாக இருந்த வளைவுகளோடு, நெளிநெளியாகக் கிடந்தது. இஸ்திரி போட்டால் நேராகிவிடும். போடவில்லை.

காகிதப் பொட்டலத்தைப் பிரித்தாள். கடைக்காரம்மா மடித்திருந்தது பெரிய கண்கள். காம்பைக் குத்தி, உள்ளே விரலை விட்டு வில்லையை அழுத்தினாள். டக் என்றது. இரண்டாவதும் டக். யானை அவளைத் திருட்டு முழி முழித்தது.

பஞ்சைத் திரும்ப அடைத்து ஊசியை எடுத்தாள். ஊசி நுழைந்தது, நூல் வந்தது, எண் வரவில்லை. காத்துக்கொண்டிருக்கிறோம் என்று தெரிய அவளுக்குச் சற்று நேரம் ஆனது. வாயைத் திறந்து தானே சொன்னாள். "ஒண்ணு. ரெண்டு. மூணு. இப்போ ரெண்டைச் சேர்த்து ஒண்ணாக்கு."

கூடத்திலிருந்து அண்ணன் கேட்டான். "யார்கிட்ட பேசற?"

"யார்கிட்டயும் இல்ல."

அண்ணன் செய்தித்தாளை மடித்தான். நடுவில் பிடிக்க இப்போது தேவையில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ஒன்பதுக்கு அப்புறம் பத்து சொல்லல நீ" என்றான்.

"தெரியும். வாயை மூடுங்க."

உடம்போடு தலையையும் காதுகளையும் தைத்து, பின்னந்தலையின் ஓட்டையைச் சுருக்கி இறுக்கி முடிச்சுப் போட்டபோது கீழே கார் ஹாரன் அடித்தது. மகன் பெட்டியோடு நின்றான். அவள் யானையை அவன் கையில் கொடுத்தாள். தூக்கிப் பார்த்து, "அம்மா மாதிரியே முறைக்குது" என்றான். முதல்முறையாக அழுதான்.

பிறந்தநாளுக்கு மறுநாள் மருமகள் கூப்பிட்டாள். "அத்தை, அவ அதை விடவே மாட்டேங்கறா. காதைப் பிடிக்கறதில்ல, தும்பிக்கையைப் பிடிக்கறதில்ல. தலைக்குப் பின்னாடி ஒரு நூல் தொங்குதே, அதைப் பிடிச்சு வீடு பூரா இழுத்துட்டுப் போறா. வெட்டிடவா?"

"வெட்டாதேம்மா, அவிழ்ந்துடும். ஊசியில கோத்து உள்ளே இழுத்து மறைக்கணும். அன்னைக்கு நேரம் இல்ல. வரும்போது நான் செய்யறேன்."

அவள் இன்னும் போகவில்லை. நூல் ஒரு சாண் நீளத்துக்கு வெளியே தொங்குகிறது.